சாலி வாசிப்பதில்லை

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நெல்சன் என்றொரு சிற்றூர். திங்கட்கிழமை இரவுகளில் அங்குள்ள ஊர் மண்டபத்தில் கான்ட்ரா நடனம் நடக்கும். ஒரு பருவம் அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வருகையாளராக இருந்தபோது தோழி ஒருத்தி தன் காரில் என்னை அங்கே அழைத்துப் போனாள். மரத் தரை, சுவரோரம் பெஞ்சுகள், ஒரு மூலையில் பியானோ, அதையொட்டி மூன்று பிடில்காரர்கள். வேடிக்கை பார்க்க வந்தவள் நான் என்று ஓரமாக உட்கார்ந்தேன். அந்த மண்டபத்தில் வேடிக்கை பார்ப்பவர்களை அதிக நேரம் விட்டுவைக்க மாட்டார்கள் போலும். எழுபது வயதிருக்கும் பெண்மணி ஒருவர் வந்து கையை நீட்டினார். எழுந்துவிட்டேன். முதல் சுற்றில் இரண்டு பேர் காலை மிதித்தேன். நான்காவது சுற்றில் காலுக்கே வழி தெரிந்துவிட்டது. நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி, பொது இடத்தில், எந்தச் சடங்கும் காரணமும் இல்லாமல் குதித்துச் சுற்றுவதில் இத்தனை சுகம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இடைவேளையில் பிடில்காரர் ஒருவரிடம் போய், வாசித்த மெட்டுகளின் பெயர்களைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதினேன். சாலி ஆன். லைசா ஜேன். நான்சி ரோலண்ட். யார் இயற்றியவை என்றேன். 'டிரெடிஷனல்' என்றார், சிரித்தபடி. மரபு, அவ்வளவுதான். யாரிடமிருந்து கற்றீர்கள் என்று கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். வடக்குக் கரோலினாவின் டாமி ஜாரெல், வர்ஜீனியாவின் ஹென்றி ரீட் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. யார் எந்த ஊர், யார் வில்லை எப்படிப் பிடிப்பார், எந்த மெட்டில் எந்தத் தந்தியைக் கூடுதலாக உரசவிடுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அறைக்குத் திரும்பிக் குறிப்பேட்டைப் பார்த்தபோது இடது பக்கம் முழுக்கப் பெண்களின் பெயர்கள், வலது பக்கம் முழுக்க ஆண்களின் பெயர்கள். இடப்பக்கத்துப் பெண்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. வலப்பக்கத்து ஆண்களுக்குப் பிறந்த ஆண்டு உட்பட எல்லாம் தெரிந்திருந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பிடில் என்ற சொல் நமக்குப் புதிதன்று. ரோம் எரிந்தபோது நீரோ வாசித்த வகையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தது. 'பிடில் வித்வான்' என்று எழுதிய காலம் போய் நாம் வயலினுக்கு மாறிவிட்டோம். அமெரிக்காவில் இரண்டு சொல்லும் இன்றும் உயிரோடிருக்கின்றன. கருவி ஒன்றேதான். அரங்கில் அமர்ந்து கேட்பதற்கு வாசித்தால் வயலின், எழுந்து ஆடுவதற்கு வாசித்தால் பிடில். பிடில் மெட்டு காதுக்காகச் செய்யப்பட்டதல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அதன் கட்டுமானம் விளங்கும். எட்டு அளவு கொண்ட முதற்பகுதி இரண்டு முறை, எட்டு அளவு கொண்ட இரண்டாம் பகுதி இரண்டு முறை. மொத்தம் 32 அளவு, காலுக்கு 64 எட்டு. அறுபத்து நான்காவது எட்டில் ஒவ்வோர் இணையும் வரிசையில் ஓர் இடம் நகர்ந்து, புதிய இணையின் எதிரில் நிற்கும். மெட்டு மறுபடி தலையிலிருந்து தொடங்கும். ஒரு நடனத்துக்குப் பத்து நிமிடம் என்றால் அதே மெட்டு பதினைந்து இருபது தடவை வரும். உட்கார்ந்து கேட்பவருக்கு இது சலிப்பு. ஆடுபவருக்கோ ஒவ்வொரு முறையும் எதிரில் நிற்கும் முகம் வேறு.

தென்மாநில வாசிப்பாளர்கள் மெட்டின் இரு பகுதிகளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். மேல் தந்திகளில் ஓடுவது நயமான பகுதி, கீழ்த் தந்திகளில் உறுமுவது முரட்டுப் பகுதி. எனக்குப் பிடித்தது முரட்டுப் பகுதிதான். நான்கு தந்திகளையும் வழக்கமான சுருதியிலிருந்து இறக்கியோ ஏற்றியோ கட்டிக்கொண்டு, தொடாத தந்தியும் சேர்ந்து அதிரும்படி வாசிக்கும்போது தரைப்பலகை வழியாகவே அது உடம்புக்குள் ஏறுகிறது.

மெட்டுகளின் பெயர்களை ஓர் இலக்கிய மாணவியாகப் படித்துப் பார்த்தேன். ஆண்கள் வரும் தலைப்புகளில் அவர்களுக்கு வேலை இருக்கிறது, பயணம் இருக்கிறது. சிப்பாயின் மகிழ்ச்சி, போனபார்ட்டின் பின்வாங்கல், ஆர்கன்சா வழிப்போக்கன். பெண்கள் வரும் தலைப்புகளில் பெரும்பாலும் பெயர் மட்டும் நிற்கிறது: சிண்டி, சாலி ஆன், லைசா ஜேன். வேறெதுவும் சேர்ந்தால் சாலி தோட்டத்தில் இருப்பாள், பாலி கெண்டியை அடுப்பில் வைப்பாள். முழுப்பெயரோடு வரும் பெண்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது. சாலி குடின், நான்சி ரோலண்ட், ஜூலி ஆன் ஜான்சன். 'சீமாட்டிகளே, கப்பலேறிப் போங்கள்' என்று பொருள்படும் தலைப்புடைய மெட்டு ஒன்றும் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. ஆனாலும் மொத்தப் பட்டியலையும் பார்த்தால், பெண் பெயர் இங்கே மெட்டை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் ஓர் அடையாளச் சீட்டு. ஆட்டத்தின் நடுவே பிடில்காரர் கத்தும் ஒற்றை வரிப் பாடல்களில் அந்தப் பெண் அழகி, அல்லது சண்டைக்காரி, அல்லது தின்பண்டத்தோடு சேர்த்துப் பேசப்படுபவள். அவள் பதில் பேசும் அடி எனக்கு அகப்படவில்லை.

சாலி குடினுக்கு வரலாற்றில் ஒரு பெரிய இடமுண்டு. 1922ஆம் ஆண்டு எக் ராபர்ட்சன் என்ற டெக்சாஸ்காரரும், உள்நாட்டுப் போரில் தெற்கின் படையில் இருந்த ஹென்றி கில்லிலாண்ட் என்ற முதியவரும் நியூயார்க்குக்குப் போய் விக்டர் நிறுவனத்துக்கு வாசித்துக் கொடுத்தார்கள். அமெரிக்க நாட்டுப்புற இசையின் முதல் வணிக ஒலித்தட்டுகளில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. ராபர்ட்சன் அந்த மெட்டைப் பத்துக்கும் மேற்பட்ட விதமாகத் திருப்பித் திருப்பி வாசிக்கிறார். எளிய 32 அளவுக்குள் இத்தனை சாத்தியமா என்று மலைக்கவைக்கும் வாசிப்பு அது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் ராபர்ட்சனின் மனைவி நெட்டியும் இசைக்கலைஞர், கிடார் வாசிப்பவர், கணவரோடு ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சிகள் செய்தவர் என்பது இந்தக் கதையைச் சொல்பவர்களின் வாயில் அபூர்வமாகவே வரும். அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்தது 1929இல், குடும்பத்தோடு.

இந்தக் 'குடும்பம்' என்ற சொல்லின்மீது எனக்குக் கொஞ்சம் கோபம். 1924இல் வர்ஜீனியாவின் கோவன் பவர்ஸ் தன் பிள்ளைகளோடு விக்டருக்கு வாசித்தார். ஓர்ஃபா, கேரி, ஆடா என்று மூன்று பெண்கள், சார்லி என்று ஒரு பையன். ஒலித்தட்டின் நடுவே ஒட்டிய தாளில் 'பிடில் பவர்ஸும் குடும்பமும்' என்று அச்சானது. மூன்று பெண்களும் அந்த 'உம்'முக்குள் அடங்கிவிட்டார்கள். ஜார்ஜியாவின் ஜான் கார்சனுடைய மகள் ரோசா லீ, கிடாரும் பாஞ்சோவும் வாசித்துத் தகப்பனோடு பல தட்டுகளில் பதிவானவள். அவளுக்குக் கிடைத்தது 'மூன்ஷைன் கேட்' என்ற புனைபெயர், அதாவது கள்ளச்சாராயக் கேட். பெயரே இல்லாமல் போவது ஒரு வகை. விற்பனைக்கு ஏற்ற பெயர் சூட்டப்படுவது இன்னொரு வகை.

இதே 1924ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் சமந்தா பம்கார்னர் நியூயார்க்குக்கு ரயிலேறினார். வடக்குக் கரோலினாவின் சில்வா என்ற மலையூர்க்காரர். கூடவே ஈவா டேவிஸ் என்ற தோழி. இரண்டு பெண்கள், ஒரு பிடில், ஒரு பாஞ்சோ. கொலம்பியா நிறுவனத்துக்காக அவர்கள் பதிவு செய்தவை, இந்த இசையில் பெண்கள் செய்த மிகப் பழைய ஒலிப்பதிவுகளில் சேரும். சமந்தா அப்போது நாற்பதுகளின் நடுவில் இருந்தார். என் வயது. அவருடைய தகப்பன் ஹாஸ் பிடிக்ஸ் பேர்போன பிடில்காரர். மகள் தன் பிடிலைத் தொடக் கூடாது என்றிருந்தவர். அப்பா வெளியே போன நேரம் பார்த்து எடுத்து வாசித்துத்தான் அவர் கற்றார் என்று சொல்லப்படுகிறது. இந்தச் செய்தியை எழுதுகிறவர்கள் எல்லோரும் இதை ஒரு செல்லக் குறும்பு போலவே எழுதுகிறார்கள். எனக்கு அப்படிப் படிக்க முடியவில்லை. அப்பா எப்போது திரும்புவார் என்று காதை வாசலில் வைத்துக்கொண்டு ஒரு சிறுமி ஒரு மெட்டைக் கற்றால், அந்த மெட்டின் எந்தப் பகுதியை அவள் மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்திருப்பாள், எந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டியிருப்பாள்? பிடிலை வைத்த இடத்தில் வைத்தபடியே திரும்ப வைக்க வேண்டும். வில்லின் முடியைத் தளர்த்த வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒளித்துப் படித்த புத்தகங்களின் ஞாபகம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆஷ்வில் நகரில் 1928இல் தொடங்கிய மலை நடன விழாவில் சமந்தா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொடர்ந்து வாசித்தார். 1960இல் இறந்தார். அவர் பெயரில் மெட்டுத் தலைப்பு எதுவும் என் குறிப்பேட்டில் இல்லை.

வீட்டுக்குள் பாட்டு, வெளியே மெட்டு என்ற பிரிவினை இங்கே தெளிவாக இருந்தது. நம் மொழியில் சொன்னால் அகமும் புறமும். 1916 முதல் 1918 வரை இங்கிலாந்தின் செசில் ஷார்ப் அப்பலாச்சிய மலைகளில் அலைந்து சேகரித்த கதைப்பாடல்களில் பெரும்பங்கு பெண்கள் பாடியவை. ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரின் ஜேன் ஜென்ட்ரி ஒருவரே எழுபது பாடல் அளவில் கொடுத்தார். ஷார்ப் அங்கே வருவதற்கு முன்பே ஆலிவ் டேம் கேம்பெல் அந்த மலைகளில் பாடல்களைத் தொகுத்து வைத்திருந்தார். 1917இல் வந்த நூலில் அவர் பெயரும் இருக்கிறது. ஆனால் பேச்சில் அது எப்போதும் ஷார்ப்பின் நூல்தான். கூடவே நடந்த மாட் கார்ப்பிலிஸ் சுருக்கெழுத்தில் பாடல்வரிகளை எழுத, ஷார்ப் இசைக்குறிப்பை எழுதினார். மாட் கைதேர்ந்த நடனக்காரியும்கூட. கென்டக்கியின் பைன் மவுன்டன் பள்ளியில் 1917இல் அவர்கள் பார்த்த சதுர நடனத்தை விவரிக்கும் நூல் மறு ஆண்டு இருவர் பெயரிலும் வந்தது. அந்தப் பள்ளியை நிறுவி நடத்தியவர்களும் இரண்டு பெண்கள், கேத்தரின் பெட்டிட்டும் எதல் டி லாங்கும். பாடியவர்கள், எழுதிக்கொண்டவர், இடம் கொடுத்தவர்கள் எல்லோரும் பெண்கள். 'கண்டுபிடித்தவர்' மட்டும் ஒருவர். நாட்டார் வழக்காற்றியல் படித்த நமக்கு இது அயலூர்க் கதையாகத் தோன்றாது. தாலாட்டும் ஒப்பாரியும் சேகரித்த நூல்களின் அட்டையில் யார் பெயர் இருக்கிறது, உள்ளே எத்தனை பாடல்களின் கீழே 'ஒரு மூதாட்டி' என்று மட்டும் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

வீட்டில் பாடிய பெண் ஏன் நடன இரவில் பிடில் வாசிக்கவில்லை? திறமை இல்லாமல் அல்ல என்று சமந்தாவே காட்டிவிட்டார். நடனத்துக்கு வாசிப்பது என்பது பல மைல் நடந்து அடுத்த ஊருக்குப் போவது, விடியும்வரை உட்கார்ந்து வாசிப்பது, கொடுத்ததைக் குடிப்பது, சண்டை வந்தால் பிடிலைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுவது. பிடிலைப் பிசாசின் பெட்டி என்று பழித்த தேவாலயங்கள் அந்த மலைகளில் நிறைய. ஆணுக்கு அந்தப் பழி ஒரு கெத்து. பெண்ணுக்கு அதே பழி வேறு பொருள் கொள்ளும். பழிக்கு அஞ்சிய ஊர்களில் இளையோர் கருவியே இல்லாமல் தாங்களே பாடி ஆடிக்கொண்டார்கள். அதற்கு நடனம் என்று பெயரில்லை, விளையாட்டு என்று பெயர். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. நடன அரங்கில் பெண்ணுக்கென்று ஓர் இடம் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருந்தது. அவள் தரையில் இருக்க வேண்டும். அவள் இல்லாமல் இணை சேராது. பிடில்காரரின் நாற்காலி, யாராலும் சுற்றப்படாமல், கைமாற்றப்படாமல், எல்லோரையும் பார்த்துக்கொண்டு உட்காரும் நாற்காலி. பாணர் கையில் யாழும் விறலியின் காலில் ஆட்டமும் என்று பத்துப்பாட்டு வகுப்பில் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்த எனக்கு, அந்த நாற்காலியின் மதிப்பு நெல்சனில்தான் உறைத்தது.

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சிறு இடம் மட்டும் பெண்களுக்குக் கிடைத்தது. பிடில்காரர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, அவருடைய விரல்களுக்கும் வில்லுக்கும் இடைப்பட்ட தந்திப் பகுதியில், இரண்டு மெல்லிய குச்சிகளால் தாளம் தட்டும் வழக்கம் தெற்கில் உண்டு. வைக்கோல் தண்டு, மெல்லிய குச்சி, பின்னல் ஊசி, எது கையில் இருக்கிறதோ அது. தட்டுபவர் பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் பிள்ளை. ஒரே கருவியில் இருவர். ஸ்வெட்டர் பின்னும் ஊசி தாளக்கருவி ஆவது எனக்கு அழகாகவே படுகிறது. ஆனால் மெட்டின் பெயரில் சேர்வது வில் பிடித்தவரின் பெயர் மட்டும். மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த எட் ஹேலி, கண்பார்வையற்ற மேதை, ஒலித்தட்டு நிறுவனங்களை நம்பாதவர். அவர் வாசிப்பு நமக்குக் கிடைப்பது 1940களில் மகன் வீட்டிலேயே பதிவு செய்ததால். அதில் கூடவே ஒலிக்கும் மாண்டலின் அவர் மனைவி எல்லாவுடையது. எல்லாவும் பார்வையற்றவர், பள்ளியில் முறையாகப் பியானோ பயின்றவர். எட் எங்கே வேகமெடுப்பார் என்பது எல்லாவின் கைக்கு முன்கூட்டியே தெரிகிறது. அதைக் 'துணை' என்கிறார்கள்.

இந்த இடத்தில் பெண்ணியக் கணக்கு மட்டும் போட்டு நிறுத்தினால் பொய்யாகிவிடும். அடிமைக் காலம் முழுவதும் வெள்ளையர் நடனங்களுக்கு வாசித்தவர்களில் பலர் அடிமைப்பட்ட கறுப்பின ஆண்கள். 1853இல் தன் அடிமை வாழ்வை எழுதிய சாலமன் நார்த்தப் பிடில்காரர். ஆட்டத்தின் அசைவுகளைக் கூவி அறிவிக்கும் அழைப்பாளர் என்ற பாத்திரமே கறுப்பினப் பிடில்காரர்களிடமிருந்து வந்தது என்று வாதிடும் ஆய்வுகள் இருக்கின்றன. தாமஸ் ஜெஃபர்சனின் தோட்டத்தில் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மகன் எஸ்டன், விடுதலைக்குப் பிறகு ஒஹாயோவின் சில்லிகோத்தே ஊரில் நடனங்களுக்கு வாசித்துப் பேரெடுத்தவர். சாலி என்ற பெயரில் எத்தனையோ மெட்டுகளை அந்த நாடு ஆடுகிறது. இந்தச் சாலி 1835இல் இறந்தார், தன் குரலில் ஒரு வரியும் எழுத்தில் விட்டுச் செல்லாமல். 'வைக்கோலில் வான்கோழி' என்று பள்ளிக் குழந்தைகள் அறிந்த குதூகல மெட்டு, 1830களில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பரைக் கேலி செய்த மேடைப்பாட்டோடு பிறந்த இரட்டை. அதன்பின் ஹென்றி ஃபோர்டு வந்தார். 1920களில் ஜாஸ் இசையை ஒழுக்கக்கேடு என்று தூற்றி, யூத வெறுப்பைத் தன் பத்திரிகையில் அச்சடித்து விற்று, அதே கையோடு பழைய நடனங்களை மீட்கப் பணத்தைக் கொட்டினார். கார் ஆலைக்காரரின் பணத்தில் இந்த நடனம் 'தூய அமெரிக்க' நடனம் ஆயிற்று. மரபு என்ற சொல்லை யார் எந்த நேரத்தில் கையிலெடுக்கிறார்கள் என்று பார்க்கப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

வடக்குக் கரோலினாவின் மெபேன் பகுதியில் ஜோ தாம்ஸன் என்ற கறுப்பினப் பிடில்காரர் 2012 வரை வாழ்ந்தார். அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கற்ற இளையவர்களில் ஒருவர் ரியானன் கிடன்ஸ். பாஞ்சோவும் பிடிலும் வாசிப்பவர், பாடுபவர், இன்று உலகறிந்த பெயர். ஒரு முதிய ஆண் ஓர் இளம்பெண்ணுக்கு முன் உட்கார்ந்து, தொடாதே என்று சொல்லாமல், மெட்டைக் கொடுக்கிறார். சமந்தாவின் தகப்பன் வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வர நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கின்றன.

பெண்கள் மட்டுமே கொண்ட தந்திக்கருவிக் குழு ஒன்று 1937இலேயே வந்துவிட்டது என்று யாராவது எனக்குச் சொல்லக்கூடும். கூன் கிரீக் கேர்ள்ஸ். கென்டக்கியின் மலைப்பள்ளத்திலிருந்து வந்த லில்லி மே லெட்ஃபோர்டு அதன் மையம். அவர் முதலில் பிடில்காரி. உடைந்த பழைய பிடில் ஒன்றைப் பண்டமாற்றில் வாங்கிச் சிறுவயதில் கற்றவர். பிடில் போட்டியில் வென்றவர். வானொலி நிகழ்ச்சி நடத்திய ஜான் லேர் அவரைப் பாஞ்சோவின் பக்கம் திருப்பினார், மலைப்பெண்ணுக்கு அதுதான் பொருத்தமாக இருக்கும் என்று. உடை பழைய மோஸ்தரில் இருக்க வேண்டும். லில்லி, ரோசி என்ற லெட்ஃபோர்டு சகோதரிகளின் பெயர்கள் பூப்பெயர்களாக இருந்ததால், மற்ற இருவருக்கும் வயலட், டெய்சி என்று பூப்பெயர் சூட்டினார்கள். அவர்கள் கென்டக்கி மலைக்காரர்களே அல்லர். 1939இல் வெள்ளை மாளிகையில் இங்கிலாந்து அரசருக்கும் அரசிக்கும் முன்னால் இந்தப் பூந்தொட்டி வாசித்தது. பழைய ஒலிப்பதிவுகளில் லில்லி மே வாசிப்பதைக் கேட்டுப் பாருங்கள், தொட்டிக்குள் அடங்குகிற வாசிப்பா அது? நாயகிகளைத் தேடிப்பிடித்துப் பட்டியலில் சேர்த்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கும் பெண்ணிய எழுத்தோடு எனக்குள்ள சிக்கல் இதுதான். பட்டியலில் இடம் கிடைத்த விதத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

ஆர்கன்சாவில் 1916இல் பிறந்த வயலட் ஹென்ஸ்லி பதினைந்து வயதில் தன் கையாலேயே ஒரு பிடிலைச் செதுக்கினார். அப்பாவைப் பார்த்துக் கற்ற வேலை. இன்னும் சில செய்தார். பிறகு கல்யாணம், ஒன்பது பிள்ளைகள். இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஒரு பிடிலும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்தபின் மறுபடி உளியை எடுத்தார், எழுபதுக்கு மேற்பட்ட பிடில்கள் செய்தார், 99 வயதில் நாஷ்வில் நகரின் கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் வாசித்தார். அந்த 99ஐத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் அந்த இருபது ஆண்டுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கும் ஐந்தாம் இயலுக்கும் நடுவில் ஆறு ஆண்டுகள் இருக்கின்றன. தேதிகளைப் பார்த்த புறத்தேர்வாளர் மட்டும் புருவத்தை உயர்த்தினார்.

இப்போது நடனத் தரையில் மாற்றங்கள் நடக்கின்றன. பல ஊர்களில் அழைப்பாளர்கள் 'கனவான்கள்', 'சீமாட்டிகள்' என்று கூவுவதை விட்டுவிட்டு 'லார்க்', 'ராபின்' என்று பறவைப் பெயர்களைச் சொல்கிறார்கள். லார்க் என்றால் இணையில் இடப்பக்கம், ராபின் என்றால் வலப்பக்கம். ஆங்கில முதலெழுத்துகளை வைத்தே நினைவில் நிறுத்திக்கொள்ளலாம். யாரும் எதுவாகவும் ஆடலாம். ரோமா மக்களைக் குறிக்கும் இழிசொல் ஒன்று ஓர் அசைவின் பெயராக இருந்தது, அதையும் பலர் கைவிட்டுவிட்டார்கள். இதற்கெல்லாம் எதிர்ப்பும் இருக்கிறது. மரபு கெடுகிறது என்பவர்கள், காதல் போய்விடுகிறது என்பவர்கள். நெல்சனில் என்னை எழுப்பிய பெண்மணி இடப்பக்கம் நின்று ஆடினார், எனக்கு வலப்பக்கம். அவர் கையில் சுற்றியபோது மரபு எங்கேயும் கெட்டதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டு வலப்பக்கத்தார் கைபிடித்து எதிர்ப்பக்கம் கடந்து, அங்கே நிற்பவரால் திருப்பி நிறுத்தப்படும் ஓர் அசைவு உண்டு. அதன் பழைய பெயர் சீமாட்டிகளின் சங்கிலி. பெயரை மாற்றலாம், கடப்பவர் யார், நின்று வாங்கிக்கொள்பவர் யார் என்ற அமைப்பு அப்படியேதான் இருக்கும் என்று எனக்கு முதலில் ஐயம். ஆடிப் பார்த்தபின் அந்த ஐயம் பாதி குறைந்தது. யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் நிற்கலாம் என்றானதும், கடப்பது தலையெழுத்து என்பது போய் ஒருமுறை எடுக்கும் வேடமாகிவிடுகிறது. மீதிப் பாதி ஐயம் மெட்டுத் தலைப்புகளில் தங்கியிருக்கிறது.

கடைசியாக, கோணல் மெட்டுகள். 32 அளவுக்குள் அடங்காத மெட்டுகளை இந்த வட்டாரத்தில் அப்படித்தான் அழைக்கிறார்கள். ஓர் இடத்தில் ஒரு தட்டு கூடும், இன்னோர் இடத்தில் அரை அளவு குறையும். கான்ட்ரா வரிசைக்கு இவை ஆகாது. ஒரு தட்டு கூடினால் அறுபது பேரின் கால் தப்பும். ஆகவே நடனத்துக்கு வாசிப்பவர்கள் இவற்றை நிமிர்த்திவிடுவார்கள், கூடுதல் தட்டை வெட்டி, குறையை நிரப்பி. நிமிர்ந்த வடிவமே பிறகு பலருக்கும் தெரிந்த வடிவமாகிவிடுவதும் உண்டு. யாருக்கும் ஆட்டம் வாசிக்க வேண்டாதவர், அடுப்படியில் தனக்குத் தானே வாசித்துக்கொள்பவர், மெட்டை நிமிர்த்த என்ன அவசியம்? தனக்குப் பிடித்த சுரத்தில் ஒரு தட்டு அதிகம் நின்றால் கேட்பார் யார்?

ஆட்டம் முடிந்து விளக்குகளை அணைக்கத் தொடங்கியபோது நெல்சன் மண்டபத்தின் மூலையில் இன்னும் இருவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பியானோவில் அன்று முழுக்க உட்கார்ந்திருந்த பெண் இப்போது ஒரு பிடிலை எடுத்திருந்தாள். தரையில் ஆடுவதற்கு எவருமில்லை. முரட்டுப் பகுதியின் முடிவில் ஓர் இடத்தில், எண்ணிக்கையை மீறி, அவள் வில் கொஞ்சம் நின்றது. நான் என்னையறியாமல் காலால் தட்டிக்கொண்டிருந்தேன், தப்பிவிட்டது. பெயரைக் கேட்டேன். இன்னும் வைக்கவில்லை என்றாள்.